அஸ்மாராவுக்குப் போகாமல் நின்ற தந்தி

1. வாராவாரம் காய்ச்சல்

தந்தி இலாகாவில் முப்பது வருஷத்துக்கு மேல் கீ தட்டியவன் நான். கை நல்ல கை என்று பெயர் வாங்கினேன். புத்தி சந்தேகப் புத்தி என்றும் ஒரு பெயர் உண்டு. அது எப்படி வந்தது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் மீமிசல் பக்கம் கடலோரத்தில் ஓர் ஆபீசில் இருந்தேன். கருவாட்டு வியாபாரி ஒருவர் வாரம் தவறாமல் வந்து, "மாமாவுக்குக் காய்ச்சல்" என்று வெளியூருக்குத் தந்தி கொடுப்பார். நானும் "மாமாவுக்கு இப்ப தேவலையாங்க?" என்று அக்கறையாக விசாரித்துக்கொண்டே அடிப்பேன். ஒருநாள் சுங்கத்து ஆட்கள் வந்து இறங்கினார்கள். காய்ச்சல் என்றால் தோணியில் கள்ளச் சரக்கு வருகிறது என்று அர்த்தமாம்.

"ஏய்யா, ஒரு மனுசனுக்குப் புதன்கிழமை புதன்கிழமை மட்டுமா காய்ச்சல் வரும்? ஒனக்குத் தோணவேயில்லையா?" என்று அதிகாரி நாலு பேர் முன்னால் கேட்டார்.

அன்றிலிருந்து நான் சூடு கண்ட பூனை. யாராவது கல்யாணத் தந்தி கொடுத்தால்கூடப் பெண் யார், மாப்பிள்ளை யார் என்று கேட்டுவிட்டுத்தான் அடித்தேன். பலர் என்னைத் திட்டியிருக்கிறார்கள். நான் கவலைப்பட்டதில்லை.

2. பிழை போட்ட இங்கிலீஷ்

பிறகு ஆவூர்ப் பக்கம் ஒரு ஆபீசுக்கு மாற்றலானேன். சீனச் சண்டை நடந்துகொண்டிருந்த சமயம். புதிதாக யார் ஊருக்குள் வந்தாலும் உளவாளியோ என்று டீக்கடையில் பேசிக்கொள்வார்கள். எனக்குச் சொல்லவே வேண்டாம்.

ஒருநாள் காலை பத்து மணி இருக்கும். தந்திக் கருவியின் சவுண்டர் கிளிக் கிளிக் என்று ஒரு தந்தியைச் சொல்ல ஆரம்பித்தது. புறப்பட்ட இடம் அஸ்மாரா. ஆப்பிரிக்காவில் இருக்கிற ஊர். எழுதிக்கொண்டே வந்தவன் நிறுத்திவிட்டேன். மரீத்தோ, கிராவே, கிருர்கோ, கொன்சென்சோ என்று வார்த்தைகள் போயின. இங்கிலீஷும் இல்லை, தமிழை இங்கிலீஷ் எழுத்தில் எழுதியதும் இல்லை. லைனில் கோளாறு என்று நினைத்துப் புதுக்கோட்டையில் இருந்தவரைத் திருப்பி அடிக்கச் சொன்னேன். எழுத்துப் பிசகாமல் அதே வார்த்தைகள் வந்தன.

விலாசம், ஆரோக்கியமேரி, ஆவூர் என்று இருந்தது. அந்த அம்மாளின் வீட்டுக்காரர் சவரிமுத்து வாத்தியார் அஸ்மாராவில் கணக்குப் பாடம் நடத்துகிறார் என்பது ஊருக்கே தெரியும். தந்தி பியூன் கருப்பையாவிடம் கொடுத்தனுப்பினேன். ஒரு நகலை மட்டும் எங்கள் தந்தி இன்ஸ்பெக்டரிடம் காட்டலாம் என்று எடுத்து வைத்துக்கொண்டேன்.

அரை மணி நேரத்தில் அந்த அம்மாள் கைப்பிள்ளையோடு ஓடி வந்தார். ஓடி வந்ததில் ஒரு காலில் செருப்பு இல்லை. தந்திப் பாரம் வாங்கித் தானே எழுதினார். பெரிய எழுத்து, சுத்தமான கை. வாங்கிப் பார்த்தேன். "கொன்சென்தோ. புரொச்செதேத்தே சுபித்தோ." மூன்றே வார்த்தை. அஸ்மாராவில் ஏதோ ஆஸ்பத்திரி விலாசம்.

"இது என்ன பாசைம்மா?"

"இத்தாலியனுங்க. வாத்தியாருக்கு லாரி மோதிக் காலு அழுகிப்போச்சாம். நெனப்பில்லாமக் கெடக்காராம். காலை எடுக்கணும், சம்மதம் சொல்லுன்னு டாக்டரு கேட்டிருக்காரு. சீக்கிரம் அடிங்க சார்."

"இங்கிலீஷ்ல எழுதுங்களேன்."

"எனக்கு இங்கிலீஷ் தெரியாதுங்க."

எனக்குச் சுருக்கென்றது. இங்கிலீஷ் தெரியாமல் ஒருத்திக்கு இத்தாலியன் தெரியுமா? எங்கள் ஊரான வல்லத்திராக்கோட்டையில் இங்கிலீஷ் தெரிந்தவரே அப்போது விரல்விட்டு எண்ணக்கூடிய பேர்தான். இங்கிலீஷைத் தாண்டித்தான் மற்ற பாஷைக்குப் போக முடியும் என்பது என் எண்ணம்.

"அப்ப டாக்டருக்கு இங்கிலீஷ் தெரியுமில்ல?"

"தெரியாதுங்க."

"இங்கிலீஷ் தெரியாத டாக்டரா?"

"அவரு இத்தாலிக்காரருங்க. அங்க கடைத்தெருவுல எல்லாரும் அதுதான் பேசுவாக. காய்கறி விக்கிற பொம்பளை, அரபிக்காரன், துணிக்கடை குசராத்திச் சேட்டு, எல்லாரும். நாலு வருசம் இருந்தேன். கன்னியாஸ்திரி அம்மாமாரு சாயங்காலம் பெரிய பொம்பளைகளுக்கு எழுதப் படிக்கச் சொல்லிக் குடுத்தாக. பிள்ளைப்பேறுக்குத்தான் இங்கிட்டு வந்தேன்."

நான் பாரத்தை மறுபடி பார்த்தேன். கொன்சென்தோ, புரொச்செதேத்தே. இங்கிலீஷ் வார்த்தைகளை எடுத்து வேண்டுமென்றே பிழை போட்டு எழுதியது மாதிரி இருந்தது. மாமாவுக்குக் காய்ச்சல் ஞாபகத்துக்கு வந்தது. வெளிநாட்டுக்குப் போகிற தந்தியில் சங்கேத மொழி இருந்தால் அதைச் சொல்லித்தான் கொடுக்க வேண்டும்.

"இத்தாலிக்காரன் அந்த நாட்டைத் தோத்துட்டு ஓடி இருபது வருசமாச்சு. இன்னும் அங்க இத்தாலியன் பேசுறாகன்னா யாரும்மா நம்புவா?" என்றேன். செய்தித்தாள் படிக்கிறவன் என்ற பெருமை எனக்கு உண்டு.

அந்த அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார். "வெள்ளைக்காரன் போயிப் பதினஞ்சு வருசமாச்சு. நீங்க இன்னமும் அவன் பாசையிலதானே சார் தந்தி அடிக்கிறீங்க?"

பின்னால் நின்றிருந்த கருப்பையா சிரித்துவிட்டான். எனக்குக் காது சூடாகிவிட்டது.

"மேலிடத்துல கேக்காம இதை அனுப்ப முடியாது. போயிட்டு வாங்க" என்று பாரத்தை மேஜை டிராயரில் வைத்தேன்.

"ஒவ்வொரு வார்த்தைக்கும் அர்த்தம் சொல்றேன் சார், கேளுங்க சார்" என்று அவர் கெஞ்சினார். கொடுக்கிறவளே சொல்கிற அர்த்தம் எப்படிச் சாட்சியாகும் என்று நினைத்து நான் காது கொடுக்கவில்லை. அவர் வெகுநேரம் வாசலில் நின்றார். பிள்ளை அழுதது. அப்புறம் போய்விட்டார்.

3. சாமியாரும் இன்ஸ்பெக்டரும்

நான் சும்மா இருந்துவிடவில்லை. புதுக்கோட்டைக்குச் செய்தி அடித்து இன்ஸ்பெக்டரை வரச் சொன்னேன். ரோமாபுரிச் சங்கதி என்றால் மாதா கோயில் சாமியாருக்குத் தெரியாமலா இருக்கும் என்று பாரத்தை எடுத்துக்கொண்டு சைக்கிளில் போனேன்.

சாமியார் கண்ணாடியைப் போட்டுப் பார்த்தார். "நான் படிச்சது லத்தீனு. பூசைக்கு அதுதான். இது அதோட சொந்தக்காரப் பாசை மாதிரி இருக்கு, ஆனா இதுதான் அர்த்தம்னு என்னால கையெழுத்துப் போட முடியாதுப்பா. ஆனா மேரி பொய் சொல்ற பிள்ளையில்ல. அனுப்பிவிடு."

எனக்குப் பிந்திய வாக்கியம் காதில் ஏறவில்லை. சாமியாருக்கே தெரியாத இத்தாலியன் இவளுக்குத் தெரியுமாம் என்று சந்தேகம் இரண்டு மடங்காகித் திரும்பி வந்தேன்.

சாயங்காலம் அந்த அம்மாள் மறுபடி வந்தார். "போயிருச்சுங்களா?" என்றார். இல்லை என்றேன். மறுநாள் காலை கதவு திறக்கும்போதும் வாசலில் இருந்தார். அப்போதும் இல்லை என்றேன்.

இன்ஸ்பெக்டர் அன்று பகல் பஸ்ஸில் வந்தார். வேட்டைக்காரன் மாதிரி பெருமையாகப் பாரத்தை நீட்டினேன். நின்றபடியே படித்தவர் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"இது எப்ப குடுத்தது?"

"நேத்துக் காலையில சார்."

"அட பாவி. சுபித்தோன்னா என்னன்னு தெரியுமாய்யா ஒனக்கு? உடனே. இப்பவேன்னு அர்த்தம்."

பெரிய உலகச் சண்டையின்போது பெங்களூரில் இத்தாலியக் கைதிகள் முகாம் இருந்தது. அங்கே தபால் பிரிக்கிற வேலையில் அவர் இரண்டு வருஷம் இருந்திருக்கிறார். "அவனுக எழுதுற கடுதாசி இத்தாலிக்கு மட்டுமா போச்சு? அஸ்மாரா, மொகதிசு, திரிப்போலி, சுவிட்சர்லாந்துல ஒரு மூலை, அர்ஜெண்டினா வரைக்கும் போச்சுய்யா. அண்ணன் தம்பி எல்லாம் அங்கிட்டுக் குடியேறிக் கெடந்தான். அங்கயெல்லாம் வீட்டுலயும் கடையிலயும் அந்தப் பாசைதான். பள்ளிக்கூடமும் உண்டு. நீ என்னமோ அது ரோமாபுரி மதிலுக்குள்ளயே இருக்குன்னு நெனச்சியா?"

பாரத்தைத் திருப்பி வாங்கக் கை நீட்டினேன். அவர் கொடுக்கவில்லை.

"ரூல் புக்க எடு."

எடுத்தேன். அவரே பக்கத்தைப் புரட்டி விரலை வைத்தார். சந்தேகம் வந்தால் கொடுக்கிறவரிடமே மொழிபெயர்ப்புக் கேட்டு எழுதி வாங்கிக்கொண்டு அனுப்பலாம் என்று அதில் இருந்தது. சங்கேதம் பற்றிய பத்தியை நான் மனப்பாடமாக வைத்திருந்தேன். அதற்கு நேர் கீழே இருந்த இந்த இரண்டு வரியை ஒருநாளும் படித்ததில்லை.

"அந்தம்மா அர்த்தம் சொன்னாங்களா?"

"சொல்றேன்னாங்க சார்."

"அதை எழுதி வாங்கினாப் போதும். அவ்வளவுதான்யா ரூலு கேக்குது. எந்திரி."

அவரே கீயில் உட்கார்ந்து அந்த மூன்று வார்த்தையை அனுப்பினார். பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்று வார்த்தை அனுப்ப ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை.

விளக்கம் எழுதச் சொன்னார்கள். "சந்தேகத்தின் பேரில் நிறுத்தி வைத்தேன்" என்று எழுதிக் கொடுத்தேன். எச்சரிக்கையோடு விட்டுவிட்டார்கள். அந்த விளக்கம் பொய். சந்தேகம் இருந்தது உண்மை. ஆனால் டிராயரை மூட வைத்தது கோபம். வெள்ளைக்காரன் பாஷையைப் பற்றி அந்த அம்மாள் சொன்னதற்கு என்னிடம் பதில் இல்லை. பதில் இல்லாத கோபத்துக்குச் சந்தேகம் என்று பெயர் வைத்துக்கொண்டேன். கருப்பையா மட்டும் சிரிக்காமல் இருந்திருந்தால் ஒருவேளை அனுப்பியிருப்பேன்.

4. எழுதிக்குங்க சார்

வாத்தியார் பிழைத்துக்கொண்டார். அடுத்த வருஷம் கோடை விடுமுறைக்கு ஊர் வந்தார். ஒருநாள் கணவனும் மனைவியும் ஆபீசுக்கு வந்தார்கள். அவர் இரண்டு கக்கத்திலும் கட்டை வைத்து நடந்தார். என் கண் நேரே கீழே போயிற்று. வேட்டியின் வலது பக்கம் தொடைக்குக் கீழே காற்றில் ஆடியது.

நான் பார்த்ததை அந்த அம்மாள் பார்த்துவிட்டார். "மொழங்காலுக்குக் கீழ எடுக்கறதாத்தான் இருந்துச்சுங்க. மறுநாளைக்குள்ள அழுகல் மேல ஏறிப்போச்சாம்" என்றார். குரலில் ஒன்றும் இல்லை. மழை பெய்தது என்று சொல்வது மாதிரிச் சொன்னார். வாத்தியார் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். என்னால் மன்னிப்புக் கேட்க முடியவில்லை.

அந்த அம்மாள் ஒரு பாரம் நீட்டினார். மறுபடி அஸ்மாரா, மறுபடி இத்தாலியன். ஆஸ்பத்திரியில் வாத்தியாரைப் பார்த்துக்கொண்ட கன்னியாஸ்திரிக்கு. நான் முத்திரையைக் கையில் எடுத்துவிட்டேன்.

"இருங்க சார். அர்த்தம் சொல்றேன், எழுதிக்குங்க."

"வேணாம்மா. இப்பவே அனுப்பிடுறேன்."

"இல்லைங்க, எழுதிக்குங்க. இல்லாட்டி இதுவும் நின்னுபோகும்."

எழுதிக்கொண்டேன். சுகமாக வந்து சேர்ந்தார், நன்றி, அவ்வளவுதான் அதில் இருந்தது.

இப்போது கவுண்டருக்குப் பின்னால் உட்காருகிற பிள்ளைகளுக்கு நான் சொல்வது ஒன்றுதான். சந்தேகப்படுவது நம் வேலையில் சேர்ந்தது, படுங்கள். ஆனால் சந்தேகத்தைச் சொல்கிற பத்தியோடு ரூல் புக்கை மூடிவிடாதீர்கள். உங்களுக்குத் தெரியாத ஒரு பாஷை எங்கோ ஒரு கடைத்தெருவில் காய்கறி விற்றுக்கொண்டிருக்கும்.

நான் மாற்றலாகிப் போகிற வரைக்கும் அந்த அம்மாள் எத்தனையோ தந்தி கொடுத்தார். ஒவ்வொன்றோடும், நான் கேட்காமலே, தமிழில் அர்த்தம் எழுதிய ஒரு தாளையும் சேர்த்து நீட்டுவார். அனுப்பி முடிக்கும் வரை நகரமாட்டார். கீ சத்தம் கேட்டு, நான் தலையாட்டிய பிறகுதான் படி இறங்குவார். கடைசி நாள் வரைக்கும் அவர் என்னை நம்பவில்லை.