முடிச்சுப் போட்டவள்

தாலி கட்டும்போது முதல் முடிச்சை மாப்பிள்ளை போடுவார், மற்ற இரண்டையும் நாத்தனார் போடுவாள். எனக்கு நாத்தனாரே இல்லை. என் வீட்டுக்காரர் ஒரே பிள்ளை, அதனால் மூன்றையும் அவரே போட்டார். முடிச்சுப் போடும் நாத்தனாருக்குச் சீலை எடுத்துக் கொடுப்பது முறை. "ஒரு சீலை மிச்சம்" என்று என் சித்தப்பா கேலி செய்தார்.

என் வீட்டுக்காரர் மலாயாவில் ரப்பர் தோட்டத்துக் கிராணி, கணக்கெழுதும் வேலை. மறுவருஷம் நானும் கப்பலேறினேன். ஒரு தடவை தோட்டத்துக்கு மூன்று நாள் லீவு விட்டபோது, கடலோரம் பார்க்கலாமென்று கூட்டிப்போனார். நான் கந்தர்வக்கோட்டைக்காரி, எங்கள் பக்கத்து மீமிசல் கடலைக்கூடப் பார்த்ததில்லை. கப்பலில் வந்தபோது வழிநெடுக வாந்திதான், கடலைப் பார்க்க எங்கே நேரம்? இங்கே காடு கடல்வரைக்கும் வந்து நின்றது, வெயில் தரையில் விழாத காடு.

காட்டோரம் அந்த மண்ணின் ஆதிக்குடிகளுக்குப் பத்துப் பன்னிரண்டு குடிசைகள். மூங்கில் குழாயில் மீனை அடைத்துச் சுட்டு, இலையில் போட்டுத் தந்தார்கள். உப்பு கம்மி, ஆனால் நன்றாகத்தான் இருந்தது. கடல் வற்றிய நேரத்தில் என் வயசுப் பெண் ஒருத்தி எங்களைப் பவளப்பாறை பார்க்க அழைத்துப்போனாள். இடுப்பளவு தண்ணீருக்கு அடியில் ஊதாவும் மஞ்சளுமாகக் கல் பூத்துக் கிடந்தது. நான் அதன்மேல் கால் வைக்கப் போனபோதெல்லாம் முழங்காலைத் தட்டி மணல் பக்கம் திருப்பினாள். அதற்கு உயிர் உண்டாம். அவர் மலாயில் கேட்டுச் சொன்னார்.

குனிந்து பார்த்துக்கொண்டிருந்தேன். இற்றுப்போயிருந்த கயிறு அறுந்து, தாலி பாறை இடுக்கில் விழுந்துவிட்டது. நான் போட்ட கூச்சல் மீமிசலுக்கே கேட்டிருக்கும். அந்தப் பெண் மூழ்கினாள், எழுந்தாள், மறுபடி மூழ்கினாள். நாலாவது தடவை தாலியோடு வந்தாள். தன் கழுத்து மரநாரிலிருந்த சிப்பிகளை உருவிப் போட்டுவிட்டு அதில் தாலியைக் கோத்து, அவர் கை நீட்டுவதற்குள் என் கழுத்தில் கட்டி இறுக்கி முடிச்சும் போட்டுவிட்டாள்.

அவருக்கு முகம் செத்துவிட்டது. "நான் கட்ட வேண்டியத இவ கட்டிட்டாளே! அவுத்துக் குடு."

"கட்டின தாலிய அவுக்கச் சொல்றீங்களே, நல்லா இருக்கா?" என்றேன்.

ஆடிப் பதினெட்டில் கயிறு மாற்றும்வரை அது என் கழுத்தில்தான் இருக்கும் என்று ஒரே பிடியாக நின்றேன். அவர் அவளை ஏறிட்டும் பார்க்காமல் கரையேறி விறுவிறுவென்று நடந்தார். நான் பின்னாலேயே ஓடினேன்.

ஆனிக் கடைசியில் லீவில் ஊருக்கு வந்தோம். மாமியார் கண்ணில் படக் கூடாதென்று ரவிக்கைக்குள் மறைத்தே நாளைக் கடத்தினேன். ஆடிப் பதினெட்டன்று புது மஞ்சள் கயிற்றைக் கட்டிவிட்டுப் பழையதை எடுக்கப் போன மாமியார் கையில் நார் தட்டுப்பட்டது.

"இது யாரு போட்ட முடிச்சு?"

பொய் ஒன்று தயாராக வைத்திருந்தேன். அன்றைக்கு அவிழ்க்கச் சொன்ன என் வீட்டுக்காரரே முந்திக்கொண்டார்.

"தங்கச்சி போட்டது ஆத்தா."

நடந்ததையெல்லாம் ஒன்று விடாமல் சொன்னார். மாமியார் நாரைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டார்: "முடிச்சுப் போட்டவளுக்குச் சீலை எடுத்துக் குடுத்தியாடா?"

தண்ணீர் சொட்டச் சொட்ட நின்றவளிடம் நாங்கள் ஒரு வார்த்தைகூடச் சொல்லாமல் வந்திருந்தோம்.