சம்பந்தி வீட்டில் பதினெட்டு நாள் இருந்த டொபிப் போத்தல்

மூன்று சின்னக் கிளாஸ் குடித்துவிட்டு, பஸ்ஸில் நித்திரையாகி, இறங்க வேண்டிய சந்தியில் இறங்காமல், பாலாவி வரைக்கும் போனவள் நான். எனக்கு எழுத்து வராது. நான் வாயால் சொல்ல, என் மருமகள் அதைப் புத்தகத் தமிழில் எழுதுகிறாள். அந்த மூன்று கிளாஸையும் ஊற்றித் தந்தவள் அவளுடைய அம்மாதான். அதனால் இந்த இடத்தை விட்டுவிட்டு எழுதட்டுமா என்று கேட்டாள். விடக்கூடாது, முதலில் அதைத்தான் எழுத வேண்டும் என்று சொல்லிவிட்டேன்.

நாங்கள் உடப்பு ஆட்கள், புத்தளத்துக் கடற்கரை. என் கடைசி மகன் சிலாபத்தில் ஒரு கத்தோலிக்க வீட்டில் பெண் எடுத்தான். நாட்டில் சண்டை முடிந்து, சோதனைச்சாவடிகளை எல்லாம் எடுத்துவிட்ட பிறகு நடந்த கல்யாணம். அவர்கள் மாதாவைக் கும்பிடுவார்கள், நாங்கள் அம்மனைக் கும்பிடுவோம், இரண்டு வீட்டிலும் மீன் மணக்கும். அதனால் பெரிய பிரச்சினை ஒன்றும் வரவில்லை. பிரச்சினை வந்தது பேத்தி பிறந்து மூன்று மாதத்தில், யேசு பிறந்த நத்தாருக்கு அவர்கள் வீட்டுக்குப் போன அன்றைக்கு.

சம்பந்தி கண்ணாடி அலுமாரியைத் திறந்து, பொன் நிறத்தில் ஏதோ ஒன்றைச் சின்னக் கிளாஸில் ஊற்றித் தந்தாள். கஜுப்பழத்தில், முந்திரிக்கொட்டை தொங்கும் அந்தப் பழத்தில், தானே செய்த வைன் என்றாள். எனக்கு வைன் என்றால் பூசையில் பாதர் குடிப்பது என்று மட்டும்தான் தெரியும். பாதரே குடிக்கிறார் என்றால் அதில் என்ன பிழை இருக்கப்போகிறது என்று குடித்தேன். இனிப்பாக இருந்தது. நெஞ்சுக்குள் யாரோ விளக்கு ஏற்றியது போலவும் இருந்தது. இரண்டாவது கிளாஸ் அவள் தந்தாள். மூன்றாவதை நான் கேட்டு வாங்கினேன்.

அதற்குப் பிறகு நான் பேசியதெல்லாம் எனக்கு நினைவில்லை. சம்பந்திக்கு நன்றாக நினைவிருந்தது. மறுநாள் காலை போன் எடுத்து ஒவ்வொன்றாகச் சொன்னாள். இது என்ன பெரிய வித்தை, எங்கள் ஊரிலும் கஜு மரம் இருக்கிறது, இதைவிட நன்றாக நானே செய்து காட்டுவேன் என்று சொன்னேனாம். உடப்பில் கருவாடு நன்றாக வரும், அது போதும் என்று அவள் சொன்னாளாம். எனக்கு ரோசம் வந்துவிட்டதாம். கடைசியில் இரண்டு பேரும் கைகொடுத்து ஒரு பேச்சுக்கு வந்தோமாம். வருகிற கஜு காலத்தில் இரண்டு பேரும் போட வேண்டும், எங்கள் கோயில் திருவிழா முடிந்த கையோடு ருசி பார்க்க வேண்டும், யாருடையது நல்லதோ அவர் வீட்டில்தான் பேத்தியின் முதலாவது பிறந்தநாள்.

அதைக் கேட்டதும் எனக்கு உள்ளே இருந்த மிச்ச வெறியும் இறங்கிவிட்டது. பிறந்தநாள் உடப்பில்தான் என்று நான் தெரு முழுக்கச் சொல்லி வைத்திருந்தேன். என் மற்றப் பேரப்பிள்ளைகள் எல்லாம் கொழும்பில். அவர்களுடைய பிறந்தநாளை எல்லாம் நான் போட்டோவில்தான் பார்த்தேன். எங்கள் தெருவில் வாசலில் பந்தல் போட்டு ஒரு பிள்ளையின் பிறந்தநாள் கொண்டாடாத வீடு என்னுடையது ஒன்றுதான். மற்ற வீடுகளில் எல்லாம் நான் சாப்பிட்டாகிவிட்டது. அந்தக் கடனை எப்போது கழிப்பது?

கஜு காலம் வந்தது. கஜு மரத்தில் ஒரு வேடிக்கை. எல்லாருக்கும் கொட்டைதான் வேண்டும். அதைத் திருகி எடுத்துக்கொண்டு, நல்ல மஞ்சளும் சிவப்புமான பழத்தை மாட்டுக்குத் தள்ளிவிடுவார்கள். நான் பக்கத்துத் தோட்டத்துக்குப் போய்ப் பழம் கேட்டேன். காவல்காரர் இரண்டு கூடை நிரப்பித் தந்துவிட்டு, வீட்டில் எத்தனை மாடு என்று கேட்டார்.

"ஒரு மாடுதான். கதிரையில இருந்து பேப்பர் பாக்கும்," என்றேன்.

கதிரையில் இருந்து பேப்பர் பார்க்கும் என் புருசனிடம்தான் அடுத்த வேலை இருந்தது. பழத்தை ஊறவைக்கச் சாராயம் வேண்டும். என் வாழ்க்கையில் அவருடைய போத்தலை ஒளித்திருக்கிறேன், கடலில் எறிந்திருக்கிறேன், ஒருமுறை மண்ணெண்ணெயைக்கூட ஊற்றிக் கலந்திருக்கிறேன். ஒரு போத்தல் வாங்கி வாருங்கள் என்று கேட்டது அன்றைக்குத்தான். மனிசன் பேப்பரை மடித்து வைத்துவிட்டு எழும்பி நின்றார்.

"நாப்பது வருசமா இந்தச் சொல்லுக்குத்தான் காத்துக்கிட்டு இருந்தேன்," என்றார். கண் கலங்கியிருந்தது. சேர்ட்டைப் போட்டுக்கொண்டு போய் இரண்டு வாங்கி வந்தார். மற்றது எதற்கு என்று கேட்டதற்கு, ஒரு போத்தல் தனியாக வருவதற்குப் பயந்துவிடும் என்றார்.

செய்யும் விதத்தைச் சொல்கிறேன், கேட்டுக்கொள்ளுங்கள். கஜுப்பழம் அப்படியே தின்றால் தொண்டையைப் பிறாண்டும். சீலையில் பட்டால் கறை போகவே போகாது. அதனால் வட்டம் வட்டமாக வெட்டி, உப்புத் தண்ணீரில் ஒரு இரவு போட வேண்டும். உப்பு எங்களிடம் தாராளமாக இருந்தது. நத்தாரன்று உப்பளம் இருக்கும் பாலாவியில் முழித்து இறங்கியபோது, இவ்வளவு தூரம் வந்து வெறுங்கையோடு திரும்புவதா என்று இவர் ஒரு சின்ன மூட்டை உப்பு வாங்கியிருந்தார். ஊறின பழத்தைக் கழுவி, பிழிந்து, கடையில் டொபி, மிட்டாய் போட்டு வைக்கும் பெரிய கண்ணாடிப் போத்தலில் ஒரு அடுக்குப் பழம், ஒரு அடுக்குச் சீனி என்று நிரப்பினேன். நாலு கராம்பு, ஒரு துண்டு கறுவா. மேலே சாராயம். வாயைத் துணியால் கட்டி, குசினியில் வெயில் படாத மூலையில் வைத்து, தினமும் காலையில் ஒருமுறை குலுக்க வேண்டும். குலுக்கும் வேலையைத் தான் பார்ப்பதாக இவர் சொன்னார். வேண்டாம், நானே பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டேன்.

மூன்று மாதம் குலுக்கினேன். விரல் நுனியில் தொட்டுப் பார்த்தேன், சம்பந்தியுடையதைவிட ஒரு படி மேலே இருந்தது. நான் பொய் சொல்ல மாட்டேன். இரண்டு படி மேலே இருந்தது.

அப்போதுதான் கோயில் கொடியேற்றம் வந்தது. அது வரும் என்று எனக்குத் தெரியாதா? வருசா வருசம் வருவதுதான். ஆனால் போத்தலைக் குலுக்கிக்கொண்டிருந்தவளுக்கு அது தலையில் ஏறவில்லை. கொடி ஏறினால் பதினெட்டு நாள் ஊருக்குள் மீன் இல்லை, இறைச்சி இல்லை, குடி இல்லை. கருவாடு கட்டின கயிற்றைக்கூட வீட்டில் வைக்க மாட்டோம். வீடு கழுவி, சட்டி பானையெல்லாம் மாற்றுவோம். அப்படிப்பட்ட வீட்டில் ஒரு டொபிப் போத்தல் நிறையச் சாராயத்தை எப்படி வைப்பது? திருவிழா முடிவில் தீமிதிக்கிற மனிசன் வேறு அந்த வீட்டில் இருக்கிறார்.

எங்கள் கருவாட்டை எல்லாம் வருசா வருசம் பொறுப்பெடுத்து வைப்பவர் புத்தளத்தில் இருக்கும் ஒரு முஸ்லிம் அக்கா, ராத்தா என்று கூப்பிடுவேன். என்னைவிட ஐந்து வயது மூத்தவர், கருவாட்டு யாவாரத்தில் பழக்கமானவர். அவரிடம் போய், மெதுவாக, போத்தல் கதையைச் சொன்னேன். அவர் வெற்றிலையை வாயில் வைத்தபடி கடைசி வரைக்கும் கேட்டார்.

"கருவாட்டக் கொண்டா, ஆட்டக் கொண்டுவந்து கட்டு, ஒன்ட புருசனக் கூடக் கொண்டுவந்து விடு, நான் பாத்துக்கிறேன்," என்றார். "இது மட்டும் வேணாம் புள்ள. மலக்குமார் வாசலோட திரும்பிப் போயிருவாங்க."

வானத்திலிருந்து வருகிறவர்களைத் திருப்பி அனுப்பும் பாவம் எனக்கு எதற்கு? கருவாட்டை மட்டும் வைத்துவிட்டு வந்தேன். கடற்கரை மணலில் புதைக்கலாம் என்று இவர் சொன்னார். புதைத்த இடம் இவருக்குத் தெரியும் என்றால் அதைப் புதைத்ததாகவே எடுத்துக்கொள்ள முடியாது. இந்து வீட்டில் கொடி, முஸ்லிம் வீட்டில் மலக்குமார். மிச்சம் இருந்தது கத்தோலிக்க வீடு. எனக்குத் தெரிந்த கத்தோலிக்க வீடு உலகத்தில் ஒன்றுதான்.

சம்பந்திக்குப் போன் எடுத்தேன். அவள் சிரித்த சிரிப்பில் என் போனில் இருந்த காசு முழுக்க முடிந்துவிட்டது. பிறகு அவளே எடுத்து, கொண்டு வாங்க சம்பந்தி, கட்டிலுக்குக் கீழே வைக்கிறோம், சிலுவை போட்டுச் சொல்கிறேன், நான் தொட மாட்டேன் என்றாள்.

அவள் தொடாமல் இருப்பாள் என்று நம்பினேன். இருந்தாலும் சீல் வைத்துக் கொடுப்பதுதான் முறை. இவர் போத்தல் வாய்க்கு மேலே பொலித்தீனை மூடி, வலை தைக்கிற நைலோன் நூலால் ஏழு முடிச்சுப் போட்டார். அவர் முடிச்சுப் போடும்போது பார்க்க வேண்டும், நாக்கைக் கடித்துக்கொண்டு, ஒரு கண்ணை மூடிக்கொண்டு. முடித்துவிட்டு நிமிர்ந்து, "இந்த முடிச்ச அவுக்கணும் எண்டா ஒரு கடல் தொழில்காரன்தான் வரணும்," என்றார். பெருமையாகச் சொன்னார். நானும் பெருமையாகக் கேட்டேன். அந்தப் போத்தல் யாருடைய வீட்டுக்குப் போகிறது என்று சொன்னவரும் யோசிக்கவில்லை, கேட்டவளும் யோசிக்கவில்லை.

பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுபோனேன். சண்டைக் காலமாக இருந்தால் ஒவ்வொரு சாவடியிலும் இறக்கி, இது என்ன, ஏன் நிறம் இப்படி, ஏன் இத்தனை முடிச்சு என்று கேட்டிருப்பார்கள். இப்போது பக்கத்தில் இருந்த பெண் மட்டும்தான் கேட்டாள். ஊறுகாய் என்றேன்.

சம்பந்தியின் புருசன் கடலுக்குப் போகிறவர், அதிகம் பேசாத மனிதர். வாசலுக்கு வந்து, பிறந்த பிள்ளையை வாங்குவது போல இரண்டு கையாலும் போத்தலை வாங்கினார். கட்டிலுக்குக் கீழே சாக்கு விரித்து, அதன் மேல் வைத்தார். எவ்வளவு பொறுப்பான மனிதர் என்று வீட்டுக்கு வந்து இவரிடம் சொல்லிச் சொல்லி மாளவில்லை.

பதினெட்டு நாளும் நல்லபடியாக நடந்தது. இவர் தீமிதித்தார். நான் அம்மனிடம் பழச்சாராயத்தைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை, அது மரியாதை இல்லை. பேத்தியின் பிறந்தநாள் என் வாசலில் நடக்க வேண்டும் என்று மட்டும் கேட்டேன். அதற்கு எந்த வழி என்பது அம்மனின் விருப்பம்.

கொடி இறங்கி அடுத்த ஞாயிறு சம்பந்தியும் புருசனும் என் போத்தலோடும் தங்கள் போத்தலோடும் உடப்புக்கு வந்தார்கள். இவர் முதலில் முடிச்சைத்தான் பார்த்தார். ஏழும் அப்படியே இருந்தது. கத்தியால் வெட்டி, எல்லாரும் பார்க்க நான் அகப்பையால் அள்ளி ஒரு தேத்தண்ணிக் கோப்பையில் ஊற்றினேன். சம்பந்தி, மாதாவுக்குப் பொதுவாக உண்மை சொல்கிறேன் என்று நெஞ்சைத் தொட்டுக்கொண்டு குடித்தாள். என் மருமகள் பிள்ளையை வைத்துக்கொண்டு கதவோரம் நின்றாள்.

சம்பந்தி முகத்தைச் சுளித்தாள். "கோவிக்க வேணாம் சம்பந்தி. சீனி கூடிப்போச்சு. கராம்பு மணமே இல்ல. கை பழகல்லத்தானே."

எனக்குக் கண்ணுக்குள் பந்தல் சரிந்து விழுந்தது. அவள் மிச்சத்தையும் குடித்து, கோப்பையைச் சரித்து உள்ளே பார்த்தாள். அடியில் மூன்று காய்ந்த திராட்சை கிடந்தது. "பிளம்ஸும் போட்டிருக்கீங்க. என்னப் பாத்துத்தானே?"

"நான் பிளம்ஸ் போடல்ல," என்றேன்.

சம்பந்தியின் புருசன் எழும்பி, காற்று மாறுகிறது, வள்ளத்தை ஒருக்கால் பார்த்துவிட்டு வருகிறேன் என்றார். அவருடைய வள்ளம் சிலாபத்தில் இருந்தது.

பிடித்து உட்கார வைத்தோம். எல்லாம் வெளியே வந்தது. முதல் நாள் மணந்து மட்டும் பார்த்தாராம். இரண்டாம் நாள் பழுதாகிவிட்டதா என்று பார்க்க ஒரு கரண்டி, அது பொறுப்பில் செய்தது. மூன்றாம் நாள் பழுதாகவில்லை என்று நிச்சயப்படுத்த இன்னொரு கரண்டி. இப்படியே நிச்சயப்படுத்திக்கொண்டு போனதில், பதினாறாம் நாள் போத்தலில் பழத் துண்டு மட்டும்தான் இருந்ததாம். பயத்தில் மனைவியின் போத்தலிலிருந்து ஊற்றி நிரப்பிவிட்டாராம்.

"அப்ப முடிச்சு?" என்று இவர் கேட்டார். இவருக்கு அதுதான் பெரிய காயம்.

"அதே முடிச்சுத்தான் போட்டேன். உங்கட ஏழாவது கொஞ்சம் தளர்வு. அதயும் இறுக்கி விட்டேன்."

சம்பந்தியின் முகத்தை இப்போதும் மறக்க முடியவில்லை. மாதாவைச் சாட்சி வைத்துத் தன் வைனையே கை பழகாதது என்று சொல்லிவிட்டாள். ஆனால் லேசில் விடுகிற ஆளும் இல்லை. என்னுடையதுதான் இப்போது இல்லையே, இல்லாத சாமான் எப்படி வெல்லும் என்று கேட்டாள். அது நியாயமான கேள்விதான். அவளே புருசன் பக்கம் திரும்பி, குடித்தவர் சொல்லட்டும், எது நல்லது என்றாள்.

அந்த மனிதர் மனைவியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு தரையைப் பார்த்துச் சொன்னார்: "இவட போத்தல் இருபத்தஞ்சு வருசமா அலுமாரியில பூட்டாமத்தான் இருக்கு. நான் ஒரு நாளும் களவெடுத்துக் குடிச்சதில்ல. இதுக்கு ஏழு முடிச்சு அவுத்தேன். ஒவ்வொரு நாளும்."

சம்பந்தி தன் போத்தலை மூடி வைத்துவிட்டு, கேக்காவது நான் கொண்டுவரலாமா என்று கேட்டாள்.

பிறந்தநாளுக்கு வாசலை அடைத்துப் பந்தல் போட்டோம். தெரு முழுக்க வந்தது. ராத்தாவும் புத்தளத்தில் இருந்து வந்து, சோடா மட்டும் குடித்து, யார் கையில் என்ன கோப்பை இருக்கிறது என்று கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். சம்பந்தி தன் புருசனைப் பக்கத்துக் கதிரையிலேயே இருத்தி, கையில் வெறும் பிளேன்ரித் தேத்தண்ணி கொடுத்திருந்தாள். இவர் எழுந்தால் அவரும் எழப் பார்ப்பார், அவள் சேர்ட்டைப் பிடித்து இழுப்பாள்.

இவ்வளவு பாடுபட்டு நடத்தின பிறந்தநாளில், கேக் வெட்டுகிற நேரம் பேத்தி நல்ல நித்திரை. எழுப்பினால் அழுவாள் என்று மருமகள் அப்படியே தோளில் வைத்துக்கொண்டு நின்றாள். நானும் சம்பந்தியும் பிள்ளையின் சின்னக் கையைப் பிடித்துக் கத்தியில் வைத்தோம். அவள் தன் பக்கம் இழுத்தாள், நான் என் பக்கம் இழுத்தேன். கேக் கோணலாக வெட்டுப்பட்டது. பெரிய துண்டு என் பக்கம் விழுந்தது.