பேசிக்கொண்டிருந்த கணினியை ஊமையாக்கிய ஞாயிறு

மூன்று வருடங்களுக்கு முன், ஆவணி மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டைக்குத் திரும்புகிற சாலையில் இருக்கும் ஒரு லாரி புக்கிங் ஆபீஸில் நடந்தது இது. அன்று நான் செய்த காரியத்தால் ஒரு மனிதரின் வேலை போயிருக்கும். கெட்ட எண்ணத்தோடு செய்யவில்லை. பத்து பைசா வாங்காமல், உபகாரம் செய்கிறோம் என்ற மிதப்பில் செய்தது. அதனால்தான் இன்னும் உறுத்துகிறது.

முதலில் என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். இங்கே ஒரு உருக்காலையில் எலக்ட்ரிக்கல் மெயின்டனன்ஸ் பார்க்கிறேன். ஓய்வு நேரத்தில் எனக்கு ஒரு பைத்தியம் உண்டு, லினக்ஸ். விண்டோஸுக்குப் பதிலாகக் கணினியில் போட்டுக்கொள்ளக்கூடிய இயங்குதளம். விலை கிடையாது. அதன் நிரலை யார் வேண்டுமானாலும் திறந்து பார்க்கலாம், தனக்கு ஏற்ற மாதிரி மாற்றிக்கொள்ளலாம். பதினைந்து வருடமாக இதை நான் டீக்கடையிலும் கல்யாணப் பந்தியிலும் பேசிக்கொண்டிருக்கிறேன். யாராவது "கம்ப்யூட்டர் ஸ்லோவா கீது" என்று வாய் தவறிச் சொல்லிவிட்டால் போதும், பென் டிரைவோடு அவர்கள் வீட்டு வாசலில் நின்றுவிடுவேன். என் மனைவி, "ஊரான் ஊட்டு கம்ப்யூட்டருக்கெல்லாம் வைத்தியம் பாத்துக்கினு கீற, நம்ம ஊட்டு ஃபேன் ரெகுலேட்டர் ஆறு மாசமா அப்டியே கீது" என்பாள். அதுவும் உண்மைதான்.

எனக்கு இன்னொரு பழக்கமும் இருந்தது. கணினியைப் பயன்படுத்துகிறவர் பக்கத்தில் இருக்கும்போது அதில் கை வைக்க மாட்டேன். "அந்த ஐகான் எங்க, இந்த கலர் ஏன் மாறிச்சு" என்று பிடுங்கி எடுப்பார்கள். அதனால் ஆள் இல்லாத நேரமாகப் பார்த்துப் போவேன். முடித்துவிட்டுத்தான் காட்டுவேன். பத்து இருபது கணினிகளை இப்படித்தான் மாற்றியிருந்தேன்.

அந்த லாரி ஆபீஸின் முதலாளி பழவேற்காட்டு பாய் ஒருவர். எங்கள் ஆலையிலிருந்து கம்பி ஏற்றிப்போகும் லாரிகள் பாதி அவர் மூலமாகத்தான் வரும். ஒருநாள் டீக்கடையில் அவர், புதிதாக ஒருவரை வேலைக்குப் போட்டிருப்பதாகவும், கம்ப்யூட்டர் ஆன் ஆகவே பத்து நிமிடம் ஆகிறது என்று அவர் குறைபடுவதாகவும் சொன்னார். எனக்கு அது போதாதா? ஞாயிற்றுக்கிழமை வருகிறேன் பாய், திங்கட்கிழமை உங்கள் ஆள் அசந்து போவார் என்றேன். அவரும் நம்பிக்கையாக ஆபீஸைத் திறந்துவிட்டு, ஒரு கல்யாணத்துக்காகக் குடும்பத்தோடு பழவேற்காடு கிளம்பிவிட்டார்.

மேசையைப் பார்த்ததும் எனக்கு எரிச்சல்தான் வந்தது. மானிட்டரின் ஒயரைக் கழற்றிச் சுருட்டி ஓரமாக வைத்திருந்தார்கள். மேலே ஒரு விரல் தடிமனுக்குத் தூசி. கீபோர்டில் ஏழெட்டு சாவிகளின் மேல் பசைத்துளிகள் சொட்டிக் காய்ந்து போயிருந்தன. ஆபீஸ் பொருளை இப்படியா வைத்துக்கொள்வார்கள் என்று முணுமுணுத்துக்கொண்டே ஒயரை மாட்டி ஆன் செய்தேன். மேசைமேல் கிடந்த இயர்போனிலிருந்து எலி கத்துகிற மாதிரி ஒரு சத்தம். காதில் வைத்துக் கேட்டால், எந்த மொழி என்றே புரியாத வேகத்தில் ஏதோ ஒரு குரல் பொரிந்து தள்ளியது. மவுஸை எங்கே கொண்டுபோனாலும் பேசியது. வைரஸ் புகுந்துவிட்டது என்று முடிவு கட்டினேன். சந்தேகமே வரவில்லை.

பழைய ஹார்ட் டிஸ்கைக் கழற்றினேன். வீட்டில் சும்மா கிடந்த, எஸ்எஸ்டி என்கிற வேகமான டிஸ்க் ஒன்றை மாட்டி லினக்ஸ் போட்டேன். புக்கிங் விவரம் இருந்த ஃபைல்களை மட்டும் பத்திரமாகக் காப்பி செய்தேன். அதோடு நிறுத்தினேனா? பிளேடு எடுத்து, கீபோர்டில் இருந்த பசையையெல்லாம் ஒவ்வொன்றாகச் சுரண்டி, ஸ்பிரிட் போட்டுத் துடைத்தேன். மானிட்டரையும் துடைத்து நடுநாயகமாக வைத்தேன். கணினி இருபது நொடியில் ஆன் ஆனது. பழைய டிஸ்கைப் பேப்பரில் சுற்றி ஸ்கூட்டர் டிக்கியில் போட்டுக்கொண்டேன். அதை முழுவதும் அழித்து ஃபார்மேட் செய்து படம் ஏற்றிவைக்கலாம் என்று திட்டம். சாயங்காலம் எங்கள் தெருவில் கரண்ட் இல்லாததால் அந்த வேலை நடக்கவில்லை.

திங்கட்கிழமை பதினோரு மணிக்கு எனக்கு போன் வந்தது. பேசியவர் பாயின் மச்சான். பாய் ஊரில் இல்லாதபோது ஆபீஸ் அவர் பொறுப்பு. நீங்கள் நல்ல கம்ப்யூட்டராகத்தான் போட்டுக் கொடுத்திருக்கிறீர்கள், நம் ஆளுக்குத்தான் ஓட்டத் தெரியவில்லை, காலையிலிருந்து ஒரு புக்கிங் கூடப் போடவில்லை என்றார். மூன்று மாதம் பார்ப்போம் என்று பாய் பரிதாபப்பட்டுச் சேர்த்த ஆள், இந்த வாரத்தோடு மூன்று மாதம் முடிகிறது, அனுப்பிவிடலாமா என்று யோசிப்பதாகவும் சொன்னார். புதியதைக் கற்றுக்கொள்வது அவ்வளவு கஷ்டமா என்று என்னைக் கேட்டார்.

நான் பதில் சொன்னேன். அந்தப் பதிலை வார்த்தை மாறாமல் இங்கே எழுதுகிறேன், எழுதத்தான் வேண்டும். "ஒரு கஷ்டமும் இல்ல. சின்னப் பசங்க அரை மணி நேரத்துல கத்துக்குறாங்க. கத்துக்கணும்னு மனசு இல்லாதவங்களுக்கு எது குடுத்தாலும் பேஜாருதான்."

சரி, மதியம் ஒருமுறை வந்து காட்டிவிட்டுப் போங்கள், அப்புறம் ஒரு முடிவு எடுக்கிறேன் என்று அவர் போனை வைத்தார். ஒரு ஆளை வேலையை விட்டு அனுப்புவதற்கு நான் காரணம் எடுத்துக் கொடுத்துவிட்டேன் என்பது அப்போது எனக்கு உறைக்கவே இல்லை. என் லினக்ஸைக் குறை சொல்லிவிட்டார்களே என்ற கோபம்தான் இருந்தது.

மதியச் சாப்பாட்டு நேரத்தில் கேட் பாஸ் வாங்கிக்கொண்டு போனேன். மச்சான் சாப்பிடப் போயிருந்தார். மேசைக்கு முன்னால் முப்பது வயது மதிக்கத்தக்க ஒருவர், இஸ்திரி போட்ட சட்டையோடு, கைகளைக் கீபோர்டின் மேல் வைத்தபடி உட்கார்ந்திருந்தார். மானிட்டர் பளிச்சென்று எரிந்துகொண்டிருந்தது. அவர் முகம் ஜன்னல் பக்கம் திரும்பியிருந்தது. மேசைக் காலில் ஒரு வெள்ளைக் குச்சி மடித்துச் சாய்த்து வைக்கப்பட்டிருந்தது.

ஒயர் கழற்றிய மானிட்டர், பசைத்துளிகள், காதில் பொரிந்த குரல் எல்லாம் ஒரே நொடியில் புரிந்துவிட்டன. அந்தக் குரல்தான் அவருக்குத் திரை. திரையில் இருப்பதைப் படித்துச் சொல்லும் மென்பொருள் அது. அந்தப் பசைத்துளிகள் அவர் விரல் சாவிகளைக் கண்டுபிடிப்பதற்காக அவரே வைத்துக்கொண்ட அடையாளங்கள்.

நான்தான் நேற்று வந்து மாற்றியவன் என்று சொன்னேன். அவர் எழுந்து நின்று வணக்கம் சொன்னார். பிறகு மெதுவாக, "காலைல போன்ல பேசுனது நீங்கதான சார்? கொரல் தெரியுது. ஸ்பீக்கர்ல போட்டிருந்தாரு" என்றார்.

அவ்வளவுதான். திட்டியிருந்தால் பதிலுக்கு ஏதாவது சொல்லிச் சமாளித்திருப்பேன்.

அவரே பேச்சை மாற்றினார். "இதுல கொரல் எங்க கீது சார்? கொரல் வரலன்னேன், அவரு சாக்குன்னு நெனச்சிட்டாரு. காலைலேந்து எல்லா சாவியும் அமுக்கிப் பாத்துட்டேன்" என்று கேட்டார். நான் பழக்க தோஷத்தில், வலது பக்கம் மேலே மூலையில் சின்னதாக ஒரு படம் இருக்கும் என்று ஆரம்பித்துப் பாதியில் வாயை மூடிக்கொண்டேன். லினக்ஸிலும் படித்துச் சொல்லும் வசதி இருக்கிறது. இருக்கிறது என்று எங்கோ படித்திருக்கிறேன், ஒருநாளும் ஆன் செய்து பார்த்ததில்லை. தேடிப் பிடித்து ஆன் செய்ய எனக்குக் கால் மணி நேரம் ஆனது. அது ஆங்கிலத்தில் நிதானமாகப் பேச ஆரம்பித்தது. தமிழில் இருந்த பெயர்களையெல்லாம் விட்டுவிட்டுத் தாண்டியது. தமிழுக்கு என்ன செய்ய வேண்டும் என்று எனக்குத் தெரியவில்லை. அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, பழையது என்ன ஆனது என்று கேட்டார்.

பழையது என் ஸ்கூட்டர் டிக்கியில் இருந்தது. தெருவில் கரண்ட் இருந்திருந்தால் அதுவும் இருந்திருக்காது. ஓடிப்போய் எடுத்துவந்து மாட்டினேன். அந்தப் பத்து நிமிடக் காத்திருப்பில் அவர் ஊத்துக்கோட்டையிலிருந்து பஸ் மாறி வருகிறவர் என்பதும், இது அவருக்குக் கிடைத்த முதல் மாதச் சம்பள வேலை என்பதும் தெரிந்தது. நானும் சும்மா இருக்காமல், நல்லெண்ணத்தில்தான் செய்தேன், காசு கொடுத்து வாங்கும் மென்பொருளை நம்பி இருக்கக் கூடாது, நமக்கு ஏற்ற மாதிரி மாற்றிக்கொள்கிற உரிமை வேண்டும் என்று என் வழக்கமான பாட்டை எடுத்துவிட்டேன். வாய் கொழுப்பு என்றால் அதுதான்.

அவர் சிரித்தார். "நீங்க கழட்டிப் போட்டதும் ஓசி சாப்ட்வேர்தான் சார். கண்ணு தெரியாதவங்களே ஆரம்பிச்சது. யார் வேணா தொறந்து மாத்திக்கலாம். லாரி நம்பரை அது ஆயிரம், நூறுன்னு சேத்துப் படிச்சுது. ஆந்திரா வண்டி, நம்ம வண்டி எல்லாம் கொழம்பிப்போச்சு. ஒவ்வொரு எழுத்தா படிக்கிற மாதிரி சின்னதா ஒரு புரோகிராம் எழுதிப் போட்டுக்கினேன்."

பதினைந்து வருடமாக நான் பேசிவந்த விஷயம் இது. ஒரு வரி நிரல் கூட நான் மாற்றியதில்லை. அவர் அதைச் செய்துவைத்து, அதனால் பிழைத்துக்கொண்டிருந்தார். நான் அதை வைரஸ் என்று கழற்றி எறிந்திருந்தேன். இதைவிட வெட்கமாக நான் எப்போதும் உணர்ந்ததில்லை.

கணினி தன் பழைய நிதானத்தில் பத்து நிமிடம் கழித்து ஆன் ஆனது. இயர்போனில் அந்தக் குரல் பொரிய ஆரம்பித்ததும் அவர் விரல்கள் ஓடின. இடையிடையே தடுமாறின. நான் சுரண்டியெடுத்த இடங்கள் அவை. பெட்டிக்கடையில் ஒரு பசை ட்யூப் வாங்கிவந்தேன். எந்தெந்தச் சாவி என்று அவர் சொல்லச் சொல்ல ஒவ்வொரு துளியாக வைத்தேன். ட்யூபை அழுத்திப் பிடித்ததில் ஒரு துளி பெரிதாகிவிட்டது. பரவாயில்லை, அதை வைத்தே அந்தச் சாவியைத் தெரிந்துகொள்வேன் என்றார்.

அதற்குள் மச்சான் வந்துவிட்டார். வந்ததும் என்னைத்தான் கேட்டார், "இன்னா, ஆளுக்கு ஒத்து வரல இல்ல?"

அவருக்கு நான் சொல்லக்கூடிய சுலபமான பதில்கள் இரண்டு மூன்று இருந்தன. பழையதே இவருக்கு வசதியாம், அதனால் மாற்றிவிட்டேன் என்று சொன்னால் போதும். என் மானம் தப்பியிருக்கும். பழி அந்த மனிதர் மேல் விழுந்திருக்கும். நான் சொன்னேன்: "தப்பு என்னுது. இவரு எதை வெச்சு வேலை செய்றாருன்னு கேக்காமலே அதைக் கழட்டிட்டேன். காலைல போன்ல சொன்னதும் தப்பு. இவரு மாதிரி எனக்குக் கம்ப்யூட்டர் தெரியாது."

மச்சான், இதைக் காலையில் போனிலேயே இவரிடம் கேட்டிருக்கலாமே என்றார். நியாயமான கேள்வி. பிறகு எதிர்ப்பக்கம் இருந்த நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, காலையிலிருந்து விட்டுப்போன புக்கிங்குகளைப் போடும்படி அவரிடம் சொன்னார். லாரி நம்பர், டிரைவர் பெயர், எந்த ஆலை, எத்தனை டன் என்று அவர் ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டே போனார். எதிரில் காகிதம் கிடையாது. காலையிலிருந்து வந்த போன்களையெல்லாம் மனதில் வைத்திருந்தார். மச்சான் பாதியில் என்னைப் பார்த்தார். பிறகு, அனுப்பிவிடுவதைப் பற்றிப் பாயிடம் பேசக் கையில் எடுத்திருந்த போனை மேசைமேல் கவிழ்த்து வைத்தார்.

அந்த வாரக் கடைசியில் அவர் வேலை நிரந்தரமானது. பாய் ஊரிலிருந்து திரும்பிய பிறகு, புது ஆளுக்குப் பார்வை இல்லை என்பதை ஏன் எனக்குச் சொல்லவில்லை என்று கேட்டேன். "நான் சொல்லலையா?" என்றார் ஆச்சரியமாக. மூன்று மாதத்தில் அது அவருக்கு மறந்தே போயிருந்தது.

இப்போதும் நான் லினக்ஸ் ஆள்தான், அந்தப் பைத்தியம் தெளியவில்லை. நடுவில் அந்த ஊத்துக்கோட்டைக்காரரே ஒருநாள் கேட்டு, ஒரு பழைய லேப்டாப்பில் தமிழ்க் குரலோடு லினக்ஸ் போட்டுக்கொண்டார். இரண்டு நாள் பயன்படுத்திவிட்டு, "வேகம் சூப்பரா கீது சார், கொரல்தான் ஜலதோஷம் புடிச்ச மாதிரி கீது" என்றார். நான் கேட்ட லினக்ஸ் விமர்சனங்களிலேயே உருப்படியானது அது. ஆனால் யாராவது கணினி மெதுவாக இருக்கிறது என்று சொன்னால் இப்போது நான் பென் டிரைவை எடுப்பதில்லை. ஒரு நாற்காலி போட்டு அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து, அவர்கள் வேலை செய்வதை அரை மணி நேரம் பேசாமல் பார்க்கிறேன். ஒரு மனிதர் காலை ஒன்பது மணியிலிருந்து மதியம் ஒரு மணி வரை, நடுவில் தன்னைப் பற்றி நான் சொன்ன வார்த்தைகளையும் காதில் வாங்கிக்கொண்டு, பேசாத ஒரு கணினியின் முன்னால் சாவிகளை அமுக்கிக்கொண்டிருந்தார். அதற்கு ஈடாக அந்த அரை மணி நேரம் போதாது என்பது எனக்குத் தெரியும்.