காது மிஷினுக்கு வைத்த சந்தனப் பொட்டு

பக்திக்கு அளவு உண்டா? உண்டு. ஒரு கடுகு அளவு. அதற்கு மேல் போனால் என்ன ஆகும் என்பதை இந்த ஆயுத பூஜையில்தான் தெரிந்துகொண்டேன்.

எங்கள் எதிர்வீட்டு சுடலைமுத்து தையல்காரர். தாராவியில் இந்தச் சந்தில் பாதிப் பேருக்கு அதுதான் பிழைப்பு. பூஜையன்று தையல் மிஷின், கத்தரி, இஸ்திரிப் பெட்டி எல்லாவற்றையும் துடைத்து, வரிசையாக வைத்து, சந்தனம் குங்குமம் வைத்துக்கொண்டிருந்தார். பொரிகடலைக்காக நானும் போய் உட்கார்ந்திருந்தேன். கடைசியில் மகளைக் கையைக் காட்டிக் கூப்பிட்டார்.

"ஏ கனகா... ஒன் காது மிஷினக் கழட்டிக் குடு."

கனகா ஏழாம் வகுப்பு. பிறந்ததிலிருந்தே காது மந்தம். போன வருஷம் ஒரு முகாமில் அந்த மிஷினைக் கொடுத்தார்கள். காதுக்குப் பின்னால் மொச்சைக்கொட்டை மாதிரி உட்கார்ந்திருக்கும். அது வந்த பிறகுதான் வகுப்பில் என்ன நடக்கிறது என்றே அவளுக்குத் தெரிந்தது.

"அது எதுக்கு?" என்றாள் அவள் அம்மா இசக்கி.

"என்ன இப்படிக் கேக்க? எனக்குத் தையல் மிஷின்னா அவளுக்கு இது. இத மட்டும் விட்டா சாமி கோவிச்சுக்கிடாதா? நீங்க சொல்லுங்க ஆச்சி."

என்ன சொல்வேன்? நியாயமாகத்தான் பட்டது. இசக்கி அந்த மிஷினை முடியால் மூடி மூடி மறைப்பவள். நாளைக்குக் கல்யாணம் காட்சி ஆகணுமே என்று பயம். அப்பாக்காரர் அதைப் பெருமையாக எடுத்துச் சாமிமுன் வைக்கிறார் என்றால் நல்லதுதானே? பொட்டு வைக்கவென்றே செய்த மாதிரி அதன் தலையில் பொடியாக ஒரு குழி வேறு இருந்தது. சந்தனம் அங்கே அழகாக உட்கார்ந்துகொண்டது.

பூஜையில் வைத்ததை மறுநாள்வரை எடுக்கக்கூடாது. அது முறை. கனகாவும் எடுக்கவில்லை.

மறுநாள் விஜயதசமி. காலையில் இசக்கி ஓடிவந்தாள்.

"ஆச்சி, மிஷின் பேசமாட்டேங்கு! நாளைக்குப் பிள்ளைக்கு டெஸ்ட்டு!"

அது சாதாரண டெஸ்ட் இல்லை. டீச்சர் வாயால் கேட்பார், பிள்ளைகள் வாயால் பதில் சொல்ல வேண்டும். அதில் தேறினால் கனகா அதே பள்ளியில் இருக்கலாம். தேறாவிட்டால் காது கேளாத பிள்ளைகளுக்கான பள்ளிக்குப் போகச் சொல்லியிருந்தார்கள். அது நல்ல பள்ளிதான். நான் குறை சொல்லவில்லை. ஆனால் பஸ், அப்புறம் ரயில், அப்புறம் இன்னொரு பஸ். இசக்கி வீட்டுவேலைக்குப் போகிறவள், சுடலை மிஷினைவிட்டு எழுந்தால் கூலி போச்சு. யார் கொண்டுபோய் விடுவது? இந்தப் பள்ளி போனால் அவளுக்குப் படிப்பே போனது மாதிரி.

தசராவுக்குக் கடையெல்லாம் பூட்டு. டெஸ்ட் அன்று காலையில்தான் மாட்டுங்காவுக்குப் போக முடிந்தது. நல்லவேளை, கனகாவுக்கு மதியப் பள்ளி. ரிப்பேர் பார்ப்பவர் நம் தமிழ்க்காரர்தான். கண்ணாடியை மாட்டிக்கொண்டு மிஷினைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"பாட்டி, இந்த ஓட்டைதான் மைக். மிஷினோட காதே இதுதான். அதுல போய் சந்தனத்த அப்பி வெச்சிருக்கேளே!"

"அப்பலை. பொட்டு வச்சோம்" என்றேன். எனக்கு ரோஷம் வந்துவிட்டது.

"எது வெச்சாலும் காஞ்சு இறுகிடுத்து. நோண்டினா உள்ள போயிடும். கம்பெனிக்குத்தான் அனுப்பணும். தீபாவளி ஆயிடும்."

தீபாவளி! டெஸ்ட் மதியம். தீபாவளிக்கு வருகிற மிஷினை வைத்துக்கொண்டு என்ன செய்ய?

அங்கிருந்து நேரே பள்ளிக்கு. மூன்று மாடி. என் முட்டியைப் பற்றி வாராவாரம் படிக்கிறீர்கள், மறுபடி சொல்லவில்லை. மேலே போய்ப் பெரிய டீச்சர் அறையில் நின்றோம். உட்காருங்கள் என்று யாரும் சொல்லவில்லை, நானே உட்கார்ந்துவிட்டேன்.

"மிஷின் எங்கே?" என்று ஹிந்தியில் கேட்டார் பெரிய டீச்சர்.

"பானி மே கிர் கயா மேடம்" என்றாள் இசக்கி. தண்ணீரில் விழுந்துவிட்டதாம். பயத்தில் வந்த பொய்.

அவ்வளவுதான். "இவ்வளவு விலையுள்ள பொருளை இனாமாகக் கொடுத்தால் இப்படித்தான்... உங்களுக்கெல்லாம் அருமை தெரியாது" என்று ஆரம்பித்தார். இசக்கி தலையைக் குனிந்துகொண்டாள். கனகா எல்லோர் உதட்டையும் மாறி மாறிப் பார்த்தாள். தன்னைப் பற்றித்தான் பேச்சு என்று தெரிகிறது, என்ன பேச்சு என்று தெரியவில்லை. அந்த முழி இருக்கிறதே... அதைப் பார்க்கச் சகிக்கவில்லை எனக்கு.

என் போனை எடுத்து நீட்டினேன். எனக்கு எழுத்து பஸ் நம்பர் அளவுக்குத்தான் என்பது உங்களுக்குத் தெரியும். இந்தப் பத்தியைக்கூட நான் பேசுகிறேன், போன் எழுதுகிறது, பத்திரிகை ஆபீஸில் பிழை திருத்திக்கொள்கிறார்கள். "நீங்க இதுல கேள்வி கேளுங்க. இது எழுதிக் காட்டும். பிள்ளை படிச்சுப் பதில் சொல்லும்" என்றேன், எனக்குத் தெரிந்த ஹிந்தியில்.

"மொபைல் அலவுட் நஹி" என்றார். சொல்லும்போதே மேஜைமேல் அவருடைய மொபைல் அடித்தது.

என்ன உலகம் பாருங்கள். கை எழுதாததற்கு நான் ஒரு மிஷின் வைத்துக்கொண்டால், "ஆச்சி மாடர்ன்!" என்கிறார்கள். காது கேட்காததற்கு ஒரு பெண்பிள்ளை மிஷின் வைத்துக்கொண்டால், "ஐயோ பாவம்" என்கிறார்கள். ரிப்பேர் ஆகிவிட்டாலோ "வேறு பள்ளிக்குப் போ" என்கிறார்கள். என் போன் ரிப்பேரானால் என்னை இந்தப் பத்திரிகையை விட்டு அனுப்பிவிடுவார்களா என்ன?

அப்போதுதான் பார்த்தேன். பெரிய டீச்சரின் கம்ப்யூட்டருக்குச் செவ்வந்தி மாலை. நெற்றியில் இத்தனை பெரிய குங்குமம். பக்கத்தில் பிரின்டருக்கும் ஒன்று. பிரின்டரிலிருந்து வந்த காகிதத்தில்கூடச் சிவப்பாக ஒரு கோடு!

"மேடம், தண்ணியில எல்லாம் விழலை. நீங்க இதுக்கு வச்ச மாதிரி நாங்களும் அதுக்குப் பொட்டு வச்சோம். அதுக்கு நெத்தி சின்னது. காதுல பட்டுட்டு."

இசக்கி என் கையைக் கிள்ளினாள். "ச்சும்மா இருங்க ஆச்சி..."

பெரிய டீச்சர் கம்ப்யூட்டரைப் பார்த்தார். அப்புறம் கனகாவை. சிரிக்கவில்லை. ஆனால் அந்தப் பழைய குரல் இறங்கிவிட்டது. "என் ஸ்கூட்டருக்கும் வைத்தேன்" என்றார், தனக்குத்தானே சொல்லிக்கொள்வது மாதிரி. "மிஷின் வரட்டும். டெஸ்ட் தீபாவளிக்கு அப்புறம்."

படி இறங்கும்போது கனகா என் தோளைத் தட்டி, என்ன ஆச்சு என்று கண்ணால் கேட்டாள். பிறகு என்று கை காட்டினேன். அவளுக்குப் பாதி விஷயம் எப்போதும் பிறகுதான் கிடைக்கிறது.

தீபாவளி கழிந்தது. மிஷின் வந்தது. கனகா டெஸ்ட் எழுதினாள்... இல்லை, பேசினாள். போன வாரம் முடிவு சொல்லக் கூப்பிட்டார்கள். அதே மூன்று மாடி.

"பாஸ். இந்த வருஷம் இங்கேயே இருக்கலாம்" என்றார் பெரிய டீச்சர்.

இசக்கி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அடுத்த வருஷம் மேடம்?"

"அடுத்த வருஷம் மறுபடி பார்ப்போம்."

மற்ற பிள்ளைகள் அடுத்த வகுப்புக்குப் போகப் பரீட்சை எழுதுகிறார்கள். இந்தப் பிள்ளை இருக்கிற இடத்தில் இருக்க எழுத வேண்டும். வருஷாவருஷம். யாரோடு சண்டை போடுவது? சந்தோஷம்தான். ஆனால் அலுப்பும் கூடவே வருகிறது.

அதோடு விட்டாரா பெரிய டீச்சர்? அந்த மிஷினை எப்படித் துடைக்க வேண்டும், எங்கே வைக்க வேண்டும், பிள்ளையை எப்படி வளர்க்க வேண்டும் என்று நீளமாக அட்வைஸ் ஆரம்பித்தார். இசக்கி தலையாட்டினாள். நானும் தலையாட்டினேன். கனகாவும் மரியாதையாகத் தலையாட்டிக்கொண்டே, மெல்லக் கையைக் காதுக்குப் பின்னால் கொண்டுபோய் மிஷினை ஆஃப் செய்தாள்.

எனக்குத்தான் அந்த வசதி இல்லை!