ஈரம் காயாத கோபுரம்

தினமும் பார்க்கிற மலையை இன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்ப்பதுபோல வாய் பிளந்து காட்டுவதுதான் சுற்றுலா வழிகாட்டியின் பிழைப்பு. ஈப்போவில் வேன் ஓட்டிக்கொண்டே கதை சொல்லும் சக வழிகாட்டிகளே, பாதி நாள் அது நடிப்பில்லை என்பது உங்களுக்கும் தெரியும்.

குகையில் காதர் அண்ணன்

என் பயணிகளுக்குக் காலைப் பசியாறல் காதர் அண்ணன் கடையில்தான். வாய் ஓயாத மனிதர். ஒருநாள் வேனில் ஓர் இடம் காலியாக இருக்க, அவரையும் ஏற்றிக்கொண்டு போனேன். சுண்ணாம்புக் குகைக்குள் நுழைந்ததும் பேச்சு நின்றுவிட்டது. எங்கேயோ மேலே, இருட்டிலிருந்து ஒரு சொட்டுத் தண்ணீர் அவர் வழுக்கையில் விழுந்தது. துடைக்கக்கூட இல்லை. மற்றவர்கள் படம் எடுத்துவிட்டு வெளியே போன பிறகும் அண்ணாந்தே நின்றார். "இதைப் பாக்காமலா தம்பி, வந்தவனுக்கெல்லாம் இங்க வர வழி சொல்லிக்கிட்டு இருந்தேன்?"

செம்பனைக்குள் என்ன இருக்கு?

அந்த மயக்கத்தில் முதலாளியிடம் வாயை விட்டேன். ஆயர் தாவார் பக்கம் நான் பிறந்த தோட்டத்துக்கும் ஆட்களைக் கூட்டிப் போகலாம் என்றேன். அங்கே ரப்பர் போய், எண்ணெய் எடுக்கிற செம்பனை வந்துவிட்டது. தோட்டத் தொழிலாளர்கள் குடியிருந்த லயத்து வீடுகளை இடித்துவிட்டார்கள். பாசி படிந்த ஒரு மாரியம்மன் கோயிலும், அதன் மதிலை இறுகப் பிடித்திருக்கும் ஆலமர வேரும்தான் மிச்சம். ரோடு குண்டும் குழியும், கழிப்பறை கிடையாது. ஆனாலும் அந்தக் கோயிலைப் பார்த்தால் எனக்குப் புல்லரிக்கும். ஒழுகுகிற பலகை வீட்டில் கிடந்தவர்கள் அம்மனுக்கு மட்டும் கல்லில் கட்டியிருக்கிறார்கள். அதை உலகம் பார்க்க வேண்டாமா?

முதலாளி தாடையைச் சொறிந்தார். "ஒரு வேன் கொண்டு போ. வந்தவங்க மூஞ்சி தொங்கிச்சு, அதோட அந்த ரூட்டு ஹாபிஸ்லா, முடிஞ்சுது."

விருந்தாளிக்கு வெள்ளையடிப்பு

கோயில் கமிட்டிக்கு முன்கூட்டியே தகவல் சொல்லிவிட்டு, பாசி, பழமை என்று வழியெல்லாம் வருணித்துக்கொண்டே போனேன். செம்பனை விலகியது. எதிரே நீலமும் மஞ்சளும் ரோஸுமாகப் பளபளக்கிறது கோபுரம்! பாசியைச் சுரண்டி, பெயின்ட் அடித்து, வாழை கட்டி, மாலையோடு நிற்கிறது கோயில் கமிட்டி. வேருக்கு மட்டும் மஞ்சள் துணி சுற்றி விட்டுவைத்திருந்தார்கள். கமிட்டித் தலைவர் முனியம்மா அக்கா, "எப்படி இருக்கு தம்பி?" என்றார். அந்த முகத்தைப் பார்த்து என்னால் தலையை மட்டும்தான் ஆட்ட முடிந்தது.

ஹாலந்திலிருந்து வந்த ஓர் அம்மாள் மதிலில் கையை ஊன்ற, உள்ளங்கை முழுக்க நீலம். துணி தேடி ஓடினேன், வேண்டாம் என்றார். எதற்கு இந்தப் புதுப் பெயின்ட் என்று கேட்டார். "நீங்க வாரீங்கன்னுதான். ஈப்போவுக்குக் குடிபோனவங்களும் வந்து அடிச்சாங்க" என்று அக்கா சொன்னதை அப்படியே மொழிபெயர்த்தேன். அந்த அம்மாள் கோபுரத்தை விட்டுவிட்டு அக்காவையே வெகுநேரம் பார்த்தார். பிறகு சொன்னார்: "எத்தனையோ நாட்டில் பழைய கோயில்களைப் பார்த்திருக்கிறேன். எனக்காகப் புதுசாக்கிய கோயிலை இப்போதுதான் பார்க்கிறேன்."

ரூட்டு பிழைத்துக்கொண்டது, அடுத்த வேன் வருவதற்குள் அந்த ஆலமர வேருக்கும் பெயின்ட் அடித்துவிடாதீர்கள் என்று அக்காவிடம் கெஞ்சுவதுதான் இப்போது என் முழுநேர வேலை.