என் பேருக்கு நேரா ரெண்டு ஓட்டு

மழையில நனைஞ்ச, ஹாக்கி கீப்பர் கால்ல கட்டுற பேட் நாத்தம் தெரியுமா உங்களுக்கு? எண்பதுகள்ல, பாயான் லெப்பாஸ் ஃபேக்டரி ஹாஸ்டல்ல, என் கட்டிலுக்குக் கீழ எப்பவும் அதுதான். கூட இருந்தவளுங்க மூக்கைப் பொத்திக்கிட்டு வேற ரூமுக்கு மாறிட்டாளுங்க...

பகல்ல ஃபேக்டரி வேலை, சாயங்காலம் ஹாக்கி. பினாங்கு பெண்கள் டீமுக்கு நான்தான் கீப்பர்.

அந்த வருஷம் ஒரு தமிழ்ப் பேப்பர்ல "மக்கள் மனம் கவர்ந்த வீராங்கனை" போட்டி வச்சாங்க. எங்க டீம் மொத்தமும் லிஸ்ட்ல இருந்துச்சு. பேப்பர்ல வர்ற கூப்பனை வெட்டி, பேரை எழுதி அனுப்பணும். ஒரே ஆளு எத்தனை வேணும்னாலும் அனுப்பலாம். கோளாறே அங்கதான்.

ஃபார்வர்ட் செல்விக்குக் கெலுகோர்ல பெரிய குடும்பம். அவ அப்பா கட்டுக்கட்டா பேப்பர் வாங்கிப் போட்டாரு. முட்டியில அடிபட்டு அந்த சீசன்ல பாதி மேட்ச் அவ ஆடவே இல்ல. ஃபைனல்ல பெனால்டி ஸ்ட்ரோக்கைத் தடுத்தது நான். ஆனா பேப்பர்ல கோப்பையோட நின்னது அவ படம்.

பிராக்டிஸ் முடிஞ்சதும் திடல்ல உக்காந்து எல்லாரும் அவளுக்குக் கூப்பன் வெட்டுவோம். நானும்தான்!

"அக்கா, உங்க கையெழுத்து அழகு லா. என் பேரை எழுதித் தாங்களேன்."

எப்படி மாட்டேங்கிறது? நல்ல பொண்ணு வேற. அந்த வாரமெல்லாம் பசார்ல மீன் சுத்திக் கொடுத்த பேப்பர்ல சதுரமா ஓட்டை இருந்துச்சு.

ஒரே ஒரு கூப்பனை மட்டும் நைசா பையில போட்டுக்கிட்டேன். ரூமுக்கு வந்து, இடது கையால, என் பேரை எழுதி அனுப்பினேன். வெக்கமாத்தான் இருந்துச்சு. ஊரே பாக்குற பேப்பர்ல என் பேருக்கு நேரா முட்டை விழுந்துடக் கூடாதேன்னு பயம்.

ரிசல்ட் வந்துச்சு. செல்விக்கு ஆயிரக்கணக்குல. கடைசி வரியில நான்... ரெண்டு.

ஒன்னு நான் போட்டது. இன்னொன்னு யாரு?

அப்பாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. தங்கச்சி அப்போ சின்னப் பிள்ளை. நெருங்கின தோழின்னு யாரும் இல்ல. ஃபேக்டரி பஸ்ல ஏறுற ஒவ்வொரு மூஞ்சியையும் பார்த்தேன். டிரைவர்கிட்டகூட கேட்டேன்.

"அண்ணே, நீங்க பேப்பர் படிப்பீங்களா?"

"எங்க நேரம் தங்கச்சி? ஏன்?"

"சும்மாதாண்ணே..."

இப்போ என் தங்கச்சி மக மூணு ஃபோன் வச்சுக்கிட்டு யாரோ ஒரு ஆட்டக்காரருக்கு ஓட்டு போட்டுத் தள்ளுறா. அதே கூப்பன் கட்டுதான், கத்தரிக்கோல் மட்டும் இல்ல.

பேப்பர் ஆபீஸ்ல ஓட்டு எண்ணின ஆளு பாவம் பார்த்து ஒன்னைக் கூட்டிப் போட்டிருப்பாரோன்னு சில நாள் தோணும். இருக்கலாம். ஆனா நான் நம்ப மாட்டேன். எனக்கு ஓட்டுப் போட்ட அந்த ஒரு ஆளை விட்டா, அந்த வருஷம் எனக்குன்னு யாருமே இல்ல லா.