கோடு இல்லாத வீடு

ரஃபிலா பிணம் குளிப்பாட்டுகிறவள். கார்பாத்திய மலைச்சரிவில் அறுபத்தெட்டு வீடுகள் உள்ள அந்த ஊரில் யார் செத்தாலும் முதலில் அவளுக்குத்தான் ஆள் வரும். பார்த்ததை வெளியே சொல்லாதவள் என்று பெயர். அந்தப் பெயர் ஒரே ஒருத்தியால் போனது.

அவள் ஒடிலியா. ஊர்களை ஆராய்கிறோம் என்று புக்கரெஸ்டிலிருந்து வந்த படித்த கூட்டத்தில் ஒருத்தி. ரஃபிலா வீட்டில் தங்கினாள். பெரிய தாளில் வீட்டுக்கு ஒரு புள்ளி வைத்து, யார் யாருக்கு உதவிக்குப் போகிறார்கள் என்று கோடு இழுத்தாள். ரஃபிலாவின் புள்ளியிலிருந்து பதினான்கு கோடுகள் கிளம்பின.

ஈஸ்டருக்கு அடுத்த ஞாயிறு அங்கே பெண்கள் ரொட்டி மாற்றிக்கொள்வார்கள். வளைய ரொட்டியைக் கத்தி படாமல் கையால் பிய்த்து ஆளுக்குப் பாதி தின்றால், சாகும்வரை உடன்பிறப்பு. அவளிடம் எதையும் ஒளிக்கக் கூடாது. அவளும் வெளியே சொல்லக் கூடாது. "நாமளும் மாத்திக்கலாமா அக்கா?" என்று ஒடிலியாதான் கேட்டாள். கூடப்பிறந்தவர் யாருமில்லாத ரஃபிலாவுக்குக் கண் கலங்கிவிட்டது.

அன்று மாலையே பக்கத்து வீட்டு ஃப்ளோரியாவின் கதையைச் சொன்னாள். புருஷன் இக்னாத் மரம் விழுந்து செத்ததாகத்தான் ஊர் நம்பியது. அவன் கழுத்தில் இருந்தது கயிற்றுத் தடம். தூக்கு என்று தெரிந்தால் பாதிரியார் மணி அடிக்கமாட்டார், கல்லறையில் இடமும் தரமாட்டார். சட்டைக் கழுத்தை உயர்த்தித் தைத்து மறைத்தவள் ரஃபிலா. ஒடிலியா அவள் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். பிறகு அதே கையால் எழுதியும் வைத்துக்கொண்டாள்.

இரண்டு வருஷம் கழித்து ஒடிலியா எழுதிய புத்தகம் வந்தது. சாராயக்கடையில் வாத்தியார் உரக்கப் படித்தார். அதில் ஃப்ளோரியாவுக்கு மரியா என்று பெயர். ஊரில் இருந்த ஒரே மாவு ஆலைக்கு அடுத்த வீட்டு விதவை, மூன்று பெண்கள்.

"பேரை மாத்திட்டாங்களாம்! மாவு ஆலைய எங்கய்யா மாத்தினாங்க?" என்றான் கடைக்காரன். யாரும் சிரிக்கவில்லை.

பாதிரியார் இக்னாத்துக்கு நினைவு ஜெபம் செய்வதை நிறுத்தினார். அவன் மூத்த பெண்ணின் நிச்சயம் முறிந்தது. ஃப்ளோரியா வேலியோரம் வந்து நின்றாள்.

"தைச்ச கையாலயே பிரிச்சுட்டியேடி, ரஃபிலா."

"அவ என் ரொட்டித் தங்கச்சிடி. வெளிய சொல்லமாட்டான்னு நம்பித்தான்..."

"தங்கச்சியா? அதையும்தான் போட்டிருக்கா. இந்த ஊர்ப் பொம்பளைங்க எப்படி ரொட்டி பிக்கிறாங்கன்னு தனியா ஒரு பாடமே இருக்கு. நீயே போய்க் கேளு, வாத்தியார் படிச்சுக் காட்டுவாரு."

சோளக்கதிர் உரிக்க அங்கே ஊரைத்தான் கூப்பிடுவார்கள். அந்த இலையுதிர்காலத்தில் ரஃபிலா பெரிய பானையில் பீன்ஸ் வேகவைத்து, பிளம் சாராயத்தைச் சூடாக்கி, பதினான்கு கரண்டி எடுத்துவைத்தாள். ஒரு நாய்கூட எட்டிப்பார்க்கவில்லை. ஒருத்தியாக உரித்துத் தீர்வதற்குள் பாதிக் கதிர் பூஞ்சை பிடித்தது. குளிர்காலத்தில் செத்தவர்களைக் குளிப்பாட்டவும் கீழத்தெருவிலிருந்து வேறொருத்தி போனாள்.

மறு வருஷம் ஒடிலியா புதுத் தாளோடு வந்தாள்; ஊர் எப்படி மாறியிருக்கிறது என்று பார்க்கவாம். ரஃபிலா முகத்தில் அடித்தாற்போல் கதவைச் சாத்தியிருக்கலாம். சாத்தவில்லை. அந்த வாசலில் ஆள் வந்து பல மாதம் ஆகியிருந்தது.

"பேரை மாத்தித்தானே அக்கா எழுதினேன்..." என்றாள் ஒடிலியா, தலை நிமிராமல். ரஃபிலா முக்காலியை நகர்த்திப் போட்டாள். ஒடிலியா உட்கார்ந்து பென்சிலை எடுத்தாள்.

"உங்க வீட்டுக்கு யாரெல்லாம் வந்துபோறாங்க?"

"யாருமில்ல."

"அவசரம்னா யாரைக் கூப்பிடுவீங்க?"

"யாரைக் கூப்பிடச் சொல்ற?"

பென்சில் நின்றது. ரஃபிலா தாளை எட்டிப்பார்த்தாள். மற்ற புள்ளிகளெல்லாம் சிலந்திவலையாகப் பின்னிக்கிடக்க, அவளுடையது ஓரத்தில் மொட்டையாக இருந்தது. வெட்கத்தைவிட்டுக் கேட்டுவிட்டாள்:

"ஒரே ஒரு கோடு போடேன், தங்கச்சி. நீதான் வந்திருக்கியே."

ஒடிலியாவின் கண் நிறைந்தது. ஆனாலும் முடியாதென்று தலையை ஆட்டினாள். "ஆராய வந்தவங்களைக் கணக்குல சேர்க்கக் கூடாது அக்கா."

ரஃபிலா எழுந்துபோய் ரொட்டி எடுத்துவந்தாள். வந்த ஆளைப் பசியோடு அனுப்பிப் பழக்கமில்லை. மேஜைமேல் வைத்து, கத்தியால் வெட்டிக் கொடுத்தாள்.